நாவின் தீர்ப்பு: புரூசெல்ஸ் நகரின் றாஸ்பெரி மது

கண்ணாடிக் கிண்ணத்தில் சிவந்த நிறமுள்ள மது. மேலே மெல்லிய இளஞ்சிவப்பு நுரை. மூக்கருகே கொண்டு சென்றால் கனிந்த றாஸ்பெரிப் பழத்தின் மணம் எழுகின்றது. நிறத்தையும் மணத்தையும் நம்பிய ஒருவன் பழப்பாகின் இனிப்பை எதிர்பார்த்து ஒரு வாய் அருந்துகின்றான். அடுத்த கணமே அவன் முகம் சுளிக்கின்றது. இனிப்பு மருந்துக்கும் இல்லை. எலுமிச்சை போன்ற புளிப்பே நாவைத் தாக்குகின்றது. "இது கெட்டுப்போன பியர்" என்று அவன் கிண்ணத்தைக் கீழே வைக்கின்றான். அருகிலிருக்கும் முதியவரோ அதே போத்தலிலிருந்து அருந்தி, "இதுவன்றோ பியர்!" என்று மகிழ்கின்றார்.

பெல்ஜிய நாட்டின் தலைநகரான புரூசெல்சில் பன்முறை நடந்திருக்கக்கூடிய காட்சி இது. மது ஒன்று, தீர்ப்பு இரண்டு. எவர் தீர்ப்புச் சரியானது? இந்த வினாவுக்கு நாவினால் மாத்திரம் விடை கூற இயலாது. அம்மதுவின் வரலாற்றையும் அறிந்தாலன்றி விடை கிடையாது.

புரூசெல்ஸ் நகரிலும் அதன் தென்மேற்கே பரந்துள்ள பயோற்றன்லாந்து என்னும் நாட்டுப்புறத்திலும் ஆக்கப்படும் பழைமையான பியருக்கு லாம்பிக் என்று பெயர். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையுடன், முளைகட்டாத கோதுமையை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு சேர்த்துச் சாறெடுப்பர். பியருக்குக் கசப்பூட்டும் ஹொப்ஸ் பூக்களை ஏனையோர் புதிதாகவே சேர்க்க, இவர்கள் ஆண்டுக்கணக்கில் பழையனவாக்கிக் கசப்பு நீங்கிய பின்னரே சேர்ப்பர். கொதித்த சாற்றை ஆலையின் கூரைக்குக் கீழேயுள்ள, ஆழம் குறைந்து அகன்ற பாத்திரத்தில் இரவு முழுவதும் திறந்து வைப்பர். குளிர்ந்த இரவுக்காற்று அதன்மீது தவழ்ந்து செல்லும். காற்றிலும் ஆலையின் மரங்களிலும் உறையும் மதுவங்களும் பற்றீரியாக்களும் தாமாகவே அதில் வந்து சேரும். மனிதன் மதுவத்தை இடுவதில்லை, இயற்கையே இடுகின்றது. பின்னர் மரப்பீப்பாக்களில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை அது நொதித்துக்கொண்டிருக்கும்.

பனையின் பாளையிலிருந்து முட்டியில் சொட்டும் சாற்றை அறிந்த நேயர்களுக்கு இது புதுமையன்று. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் சாறு இனிய கருப்பநீராக நிற்கும். பூசாவிடின் எவரும் மதுவமிடாமலே நொதித்துக் கள்ளாகும். பனஞ்சாறு சில மணி நேரத்தில் நொதிக்கின்றது; லாம்பிக் மதுவோ ஆண்டுகளை வேண்டி நிற்கின்றது. வேறுபாடு காலத்திலேயன்றி அடிப்படையில் இல்லை.

லாம்பிக் மது எத்துணைப் பழைமையானது? பதினாறாம் நூற்றாண்டின் ஓவியர் பீற்றர் புறூகல் தீட்டிய 'உழவர் திருமணம்' என்னும் ஓவியத்தில் சாடிகளில் ஊற்றப்படுவது லாம்பிக்கே என்று பெல்ஜியர் பெருமையுடன் கூறுவர். ஆயினும் சாடிக்குள் இருப்பது இன்னதென்று ஓவியம் கூறவில்லை. பழைமைப் பெருமை வேறு, சான்று வேறு என்பதை வரலாற்று மாணவன் மறத்தலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லாம்பிக் மதுவும், அதற்கு வெல்லச் சுவையூட்டிய பாறோ என்னும் மலிவான மதுவும் புரூசெல்ஸ் மக்களின் அன்றாடப் பானங்களாக விளங்கின என்பது உறுதி.

அக்காலத்திலேயே அதன்மீது கடுந்தீர்ப்புக் கூறியவர் ஒருவர் இருந்தார். பிரெஞ்சுக் கவிஞர் பொதலேர் 1864 முதல் 1866 வரை புரூசெல்சில் வாழ்ந்தார். கடன் தொல்லையாலும் நோயாலும் நொந்திருந்த அவருக்கு அந்நகரில் எதுவுமே பிடிக்கவில்லை. கழிவுநீர் நிறைந்து நாறிய சென் ஆற்றிலிருந்தே பாறோ மது எடுக்கப்படுகின்றது என அவர் எள்ளி நகையாடினார். 1867 தொடக்கம் 1871 வரை நடைபெற்ற பெரும்பணியில் அவ்வாறு நகரின் நடுவே மூடி மறைக்கப்பட்டது. ஆறு மறைந்தது, கவிஞரின் ஏளனம் மறையவில்லை.

எனினும் லாம்பிக் மதுவுக்குப் பெரிய இடையூறு கவிஞரிடமிருந்து வரவில்லை, ஆய்வுகூடத்திலிருந்தே வந்தது. 1876இல் லூயி பாஸ்டர் பியரைப் பற்றிய தமது ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். வேண்டாத நுண்ணுயிர்கள் புகுவதனாலேயே பியர் கெடுகின்றது என்பதை அது விளக்கிற்று. 1883இல் கோப்பன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்ரியன் ஹன்சன் என்பவர் தனியொரு மதுவ இனத்தைத் தூயதாகப் பிரித்து வளர்க்கும் முறையைக் கண்டார். அதன் பின்னர் தெளிந்த பொன்னிறமும் மாறாத சுவையும் உடைய பியர் உலகெங்கும் பரவலாயிற்று. மக்களின் நாவும் அதற்கேற்பப் பழகியது. புளிப்பு என்றால் பழுது என்பது எழுதாச் சட்டமாயிற்று.

ஆனால் அதே கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்திலிருந்தே மறுபக்க உண்மையும் வெளிவந்தது. 1904இல் கிளவுசன் என்னும் அறிஞர், இங்கிலாந்தின் பழைய பியர்களுக்குரிய தனிச்சுவைக்குக் காரணமான மதுவமொன்றை விவரித்து, 'பிரித்தானியப் பூஞ்சணம்' எனப் பொருள்படும்படி பிறெற்றனோமைசிஸ் என்று பெயரிட்டார். அவ்வினத்தைச் சேர்ந்ததும் லாம்பிக் மதுவில் வாழ்வதுமான மதுவத்துக்கு 1921இல் புரூசெல்ஸ் நகரின் பெயரே சூட்டப்பட்டது. 1970களில் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பீப்பாவினுள் எந்த உயிர் முன்னே வருகின்றது, எது அதனைப் பின்தொடர்கின்றது என்பதை வரிசைப்படுத்திக் காட்டினர். சாதாரண மதுவம் சர்க்கரையை உண்கின்றது. அதன்பின் பற்றீரியாக்கள் தயிரைப் புளிப்பிக்கும் அதே அமிலத்தை உண்டாக்குகின்றன. இறுதியாகப் பிறெற்றனோமைசிஸ் எஞ்சிய சர்க்கரையை மெல்ல மெல்ல உண்டு, தோலையும் வைக்கோலையும் நினைவூட்டும் மணத்தைத் தருகின்றது. குழப்பம் என்று எண்ணப்பட்டதில் ஓர் ஒழுங்கு இருந்தது.

இனிப் பழத்துக்கு வருவோம். லாம்பிக் மதுவில் புளிச்செரிப் பழங்களை ஊறவைத்தால் கிறீக் என்றும், றாஸ்பெரிப் பழங்களை ஊறவைத்தால் பிறம்புவாஸ் என்றும் பெயர் பெறும். பீப்பாவில் விழுந்த பழத்தின் சர்க்கரை மதுவத்துக்கு உணவாகின்றது. சில மாதங்களில் இனிப்பு முற்றாக மறைந்துவிட, நிறமும் மணமும் பழத்தின் அமிலமும் விதைகளின் மெல்லிய துவர்ப்புமே எஞ்சுகின்றன. மணம் இனிப்பை நினைவூட்டுகின்றது. நாவோ அதனைக் காண்பதில்லை. முதலில் அருந்துவோன் ஏமாறுவது இதனாலேயே. மேலும், றாஸ்பெரியின் மணம் செரியின் மணத்தைவிட விரைவில் தேய்வது. ஆகவே பிறம்புவாஸ் இளமையிலேயே அருந்தத்தக்கது. நெடுநாள் காத்திருந்து ஆக்கிய மதுவைக் காலந்தாழ்த்தாது அருந்தவேண்டும் என்பது அதன் விந்தை.

இருபதாம் நூற்றாண்டில் இத்தொழில் வெகுவாக நலிந்தது. முதலாம் உலகப் போரில் பெல்ஜியத்தைக் கைப்பற்றிய ஜேர்மானியர் மதுச்சாலைகளின் செப்புக் கலங்களைப் பறித்துச் சென்றனர். பின்னர் தெளிந்த பியரும் இனிப்புப் பானங்களும் சந்தையை நிறைத்தன. பல ஆண்டு காத்திருக்கவேண்டிய லாம்பிக் மதுவுக்கு முதலிட எவரும் துணியவில்லை. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. உண்மையான றாஸ்பெரி மது ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

புரூசெல்சின் ஆன்டர்லெக்ற் பகுதியில் 1900இல் நிறுவப்பட்ட கன்ரியோன் குடும்பத்தின் ஆலை அந்நிலையிலும் விளக்கணையாது நின்றது. அக்குடும்பத்தின் மருமகனான ஷான் பியர் வான் றோய் 1970களில் றாஸ்பெரி மதுவை அங்கு மீண்டும் ஆக்கத் தொடங்கினார். 1978இல் ஆலையையே தொழில் நடைபெறும் அரும்பொருட்சாலையாக மக்களுக்குத் திறந்துவிட்டனர். பீப்பாக்களிடையே நடந்து, கூரையின் கீழுள்ள பாத்திரத்தைக் கண்டு, இறுதியில் ஒரு கிண்ணம் அருந்தியவர் முன்போல முகம் சுளிக்கவில்லை. எதற்காகப் புளிக்கின்றது என்பதை அறிந்தபின் நாவும் வேறு தீர்ப்புக் கூறிற்று.

இதே காலத்தில் வேறு ஆலைகள் பழச்சாறும் சர்க்கரையும் சேர்த்த இனிய றாஸ்பெரி லாம்பிக் மதுவைச் சந்தைக்குக் கொணர்ந்தன. லின்டமன்ஸ் ஆலையின் பிறம்புவாஸ் 1980இல் தோன்றி அமெரிக்கா வரை புகழ் பெற்றது. இதனைக் கலப்படம் என்று பழிப்பாரும் உளர். ஆயினும் வரலாறு அவ்வளவு எளிய தீர்ப்புக்கு இடந்தருவதில்லை. பாறோ மது முன்னரே இனிப்பூட்டப்பட்டதன்றோ? புரூசெல்ஸ் அருந்தகங்களில் புளித்த மதுவோடு சர்க்கரைக் கட்டியையும், அதனைக் கிண்ணத்தில் நசுக்குவதற்குச் சிறு உலோகக் கோலையும் கொடுக்கும் வழக்கம் இருந்ததன்றோ? இனிப்பை விரும்பியோர் அன்றும் இருந்தனர். வேறுபாடு யாதெனின், அன்று சர்க்கரை அருந்துவோன் கையில் இருந்தது. இன்று ஆலையின் கையில் இருக்கின்றது. இனிய மதுவின் வருவாய் சில ஆலைகளை வாழவைத்ததென்பதும் மறைக்கலாகாத உண்மை.

ஆகவே பெயரைக் காக்கச் சட்டம் தேவைப்பட்டது. லாம்பிக் என்னும் பெயருக்குரிய தகுதிகளை 1965இல் பெல்ஜிய அரசாணை வரையறுத்தது. 1997இல் ஐரோப்பிய ஒன்றியமும் பழைய முறையில் ஆக்கப்படும் பழ லாம்பிக் மதுக்களுக்குப் பாதுகாப்பளித்தது.

சுவைப்போரும் தமக்கென நெறிகளை வகுத்தனர். ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் 1977இல் வெளியிட்ட உலக பியர் வழிகாட்டி நூல், பெல்ஜிய மதுக்களின் சிறப்பைப் பிறநாட்டார் அறியச் செய்தது. 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய பியர் நடுவர் அமைப்பு 50 புள்ளிகளை வகுத்தது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, முழுமைக்கு 10. கண்ணைக் கவரும் செந்நிறத்துக்கு மூன்றே புள்ளிகளுக்குள்தான் இடம் என்பது கவனிக்கத்தக்கது. பொன்னிறப் பியரில் புள்ளியைக் குறைக்கும் தோல் மணம் லாம்பிக் மதுவில் புள்ளியைக் கூட்டும். ஆனால் காடியின் காரம் மிகுந்தால் அங்கும் குற்றமே. புளிப்பெல்லாம் நன்றன்று, புளிப்பெல்லாம் தீதுமன்று. பழம், அமிலம், துவர்ப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று விழுங்காது நிற்கின்றனவா என்பதே நடுவர் கேட்கும் கேள்வி.

2016இல் பெல்ஜிய பியர்ப் பண்பாடு யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முந்திய ஆண்டின் நவம்பர் மாதத்திலோ, இரவுகள் போதிய குளிரின்றி இருந்தமையால் கன்ரியோன் ஆலையில் மது ஆக்கும் பணி சிலகாலம் நிறுத்தப்படவேண்டியதாயிற்று. ஏளனத்தையும் போரையும் சந்தையையும் தாங்கிநின்ற தொழிலுக்கு வெம்மையுறும் உலகம் புதிய சோதனையாகியுள்ளது. குளிர்ந்த இரவுக்காற்றைச் சட்டத்தினால் காக்க இயலாது.

முகம் சுளித்த இளைஞனின் நா பொய் சொல்லவில்லை. அது தான் பழகியதைச் சொல்லிற்று. முதியவரின் நாவும் அவ்வாறே. ஆனால் முதியவர், தம் கிண்ணத்தில் இருப்பது எவ்வாறு உண்டானது என்பதையும் அறிந்திருந்தார். பழக்கம் தரும் தீர்ப்பு உடனே பிறப்பது. அறிவு தரும் தீர்ப்பு, லாம்பிக் மதுவைப் போலவே, பிறக்க ஆண்டுகள் எடுப்பது.