பாம்புக்குக் கம்பளி

மார்கழிக் குளிரில் கம்பளிக்குள் புகுந்துகொண்டால் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதகதப்பு கம்பளியுடையதல்ல, நம்முடையது. நம் உடம்புச் சூட்டை அது வெளியே விடாமல் காக்கிறது, அவ்வளவுதான். உடம்பில் அப்படிச் சூடு ஊறாத பாம்புக்குக் கம்பளி எதற்கு?

லண்டன் மிருகக்காட்சிசாலையில் கொடுத்தார்கள்! பாம்பு, பல்லி, ஆமைகளுக்கென்றே 1849-ல் அங்கே ஒரு தனி வீடு திறந்தார்கள். உலகிலேயே அதுதான் முதல். 1851-ல் அங்கிருந்த போவா என்னும் பெரும்பாம்பு தன் கம்பளியையே விழுங்கி, ஒரு மாதம் வயிற்றில் வைத்திருந்து, பிறகு கக்கிற்று. பாவம், அதற்குத் தெரிந்த உபயோகம் அது!

பாம்பின் பக்கம் நின்று யோசித்தவர் ஜோன் ப்ராக்டர் என்ற பெண்மணி. சிறுமியாக இருக்கும்போதே முதலைக்குட்டி வளர்த்தவர். தீராத வயிற்று நோயால் கல்லூரி வாசலை மிதிக்காதவர். அவர் திட்டமிட்டு 1927-ல் திறந்த புது வீட்டில் இடத்துக்கு இடம் அளவு மாறும் மின்சார உஷ்ணம் வைத்தார். ஊர்வன வெயிலுக்கும் நிழலுக்குமாக நகர்ந்துதான் உடம்புச் சூட்டைச் சரிக்கட்டுகின்றன. எங்கும் ஒரே சூடென்றால் ஓடி ஒதுங்க இடமேது? அனல் மீறினால் அடிவயிறு வெந்துபோகும்.

அமெரிக்கப் பாலைவனப் பிராணிகளை அளந்து பார்த்து, கௌல்ஸ், போகர்ட் இருவரும் இதை விரிவாக எழுதியது 1944-ல். ப்ராக்டர் 1931-லேயே, முப்பத்துநான்கு வயதில், கண்ணை மூடிவிட்டார்.

இப்போது பாம்பு வளர்ப்பவர்கள் அடுக்குப் பெட்டிகளின் ஒரு கோடியில் மட்டும் வெப்பப் பட்டை பதித்து, தெர்மோஸ்டாட்டைக் காவல் வைக்கிறார்கள். மறுகோடியைக் குளிர விட்டுவிடுகிறார்கள்.