காதுப் பஞ்சுக்குள் ஓர் ஆறு

கலிபோர்னியாவில் வெனிஸ் என்று ஒரு கடற்கரைப் பேட்டை உண்டு. 1995-ஆம் ஆண்டு, ஜெரி ஃபியால்கா என்ற திரைப்படக் கலைஞர் அங்கே சிலரைச் சேர்த்துக்கொண்டு நூலகத்தில் ஒரு நாவலைப் படிக்கத் தொடங்கினார். மாதம் ஒரு கூட்டம். முதலில் கூட்டத்துக்கு இரண்டு பக்கம் என்று வைத்தார்கள். அதுவே அதிகம் என்று பட்டு, பிறகு ஒரு பக்கமாகக் குறைத்தார்கள். கடைசிப் பக்கத்தை எட்டியது 2023 அக்டோபரில். ஆக 28 வருடம். எழுதியவருக்கே அந்தப் புத்தகம் பதினாறு, பதினேழு வருடம்தான் பிடித்தது. அடுத்த மாதம் அவர்கள் மறுபடி முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

நாவல், ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘ஃபின்னகன்ஸ் வேக்’. மறுபடி தொடங்கியதில் கிறுக்குத்தனம் ஒன்றுமில்லை. நூலின் கட்டே அப்படி. கடைசி வாக்கியம் பாதியில் அறுந்து நிற்கும். அதன் மறுபாதி முதல் பக்கத்தின் தலையில் இருக்கும். மண்டலித்து முடியும் அந்தாதிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. ஆச்சரியமெல்லாம் உள்ளே இருக்கும் 600 சொச்சம் பக்கங்களில்தான்.

வாசகர் வட்டத்தின் மலருக்குக் கூட்டு வாசிப்பைப் பற்றி எழுதித் தரக் கேட்டபோது எனக்கு இந்த நூல்தான் நினைவுக்கு வந்தது. கடினமான புத்தகத்தைப் பலர் கூடிப் படிப்பதைக் கைத்தடி ஊன்றி நடப்பதாகவே நாம் நினைக்கிறோம். தனியாக நடக்க முடியாதவன் செய்கிற காரியம் என்று. ‘வேக்’ விஷயத்தில் இந்த நினைப்பு செல்லாது. அது தனியாக எழுதப்பட்ட புத்தகமே இல்லை.

முதலில் தலைப்பைப் பார்த்துவிடலாம். அயர்லாந்துக்காரர்கள் பாடும் தெருப்பாடல் ஒன்று உண்டு. கட்டட வேலையில் செங்கல் சுமக்கும் டிம் ஃபின்னகன் போதையில் ஏணியிலிருந்து விழுந்து செத்துப்போகிறான். பிணத்தைக் கிடத்தி, அந்த ஊர் வழக்கப்படி இரவெல்லாம் விழித்திருந்து குடிக்கிறார்கள். கைகலப்பு வருகிறது. விஸ்கி பிணத்தின் மேல் சிந்துகிறது. ஃபின்னகன் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். ‘வேக்’ என்றால் பிணத்தருகே விழித்திருத்தல். தூக்கத்திலிருந்து எழுவதும் அதுவே. பாட்டின் தலைப்பில் உடைமையைக் காட்டும் ஒற்றைக் குறி ஒன்று உண்டு. ஜாய்ஸ் அதை எடுத்துவிட்டார். உடனே ‘ஃபின்னகனின் பிணக்காவல்’ என்பது ‘ஃபின்னகன்கள் எல்லோரும் எழுகிறார்கள்’ என்றும் ஆகிவிட்டது. பெயரைப் பிளந்தால் முன்பாதி பிரெஞ்சில் ‘முடிவு’. பின்பாதி ஆங்கிலக் காதுக்கு ‘மறுபடி’. நம் அணியிலக்கணம் இதைப் பிரிமொழிச் சிலேடை என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். சிலேடை வெண்பாவுக்கு நாலடி. ஜாய்ஸ் எடுத்துக்கொண்டது 628 பக்கம், அதுவும் பல டஜன் மொழிகளை ஆங்கிலத்துக்குள் கரைத்து.

இந்தத் தலைப்பையும் அவர் வெகுகாலம் யாருக்கும் சொல்லவில்லை. பகுதி பகுதியாகப் பாரிஸில் ‘டிரான்சிஷன்’ இதழில் வந்தபோது ‘நடந்துகொண்டிருக்கும் வேலை’ என்ற பொருளில் ஒரு பெயர்தான் மேலே இருந்தது. கண்டுபிடிப்பவருக்கு ஆயிரம் ஃபிராங்க் என்று நண்பர்களிடம் பந்தயம் வேறு கட்டியிருந்தார். 1938-இல் அந்த இதழின் ஆசிரியர் யூஜீன் ஜோலாஸ் போகிறபோக்கில் சரியாகச் சொல்லிவிட்டார். ஜாய்ஸ் முகம் வெளுத்துப் போனதாகச் சொல்கிறார்கள். சில நாளில் பத்து ஃபிராங்க் நாணயங்களாக ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்துப் பந்தயத்தைத் தீர்த்தார். ஆசிரியரைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்து விடுகதை போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது, புத்தகம் வருவதற்கு முன்பே.

அந்தக் கூட்டத்துக்கு வேலையும் இருந்தது. ஜாய்ஸுக்குக் கண் பழுது. பத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்த கண்கள் அவை. தன் குறிப்பேடுகளைத் தானே படிக்க முடியாத நிலை வந்தபோது, மேடம் ரஃபாயேல் என்ற பெண்மணி 1930-களில் அவற்றைப் பெரிய எழுத்தில் படியெடுத்துக் கொடுத்தார். அந்தக் கிறுக்கல் கையெழுத்தை அவர் பல இடங்களில் தவறாகப் படித்தார். அந்தத் தவறுகளில் சில அப்படியே நாவலுக்குள் போய்விட்டன. பஃபலோ பல்கலைக்கழகத்தில் அந்தக் குறிப்பேடுகள் இன்றும் இருக்கின்றன. எடுத்தாண்ட சொற்களின் மேல் வண்ணப் பென்சிலால் கோடு இழுத்திருக்கும். மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் தனக்கு வேண்டியவை தேவைப்பட்டபோது, மருமகளின் முதல் மணத்துப் பையனைப் படிக்கச் சொல்லி, குறித்துத் தரக் கேட்டார். சாமுவேல் பெக்கெட் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதியதுண்டு. ஒருநாள் யாரோ கதவைத் தட்ட, ஜாய்ஸ் ‘உள்ளே வாருங்கள்’ என்றாராம். தட்டியது காதில் விழாத பெக்கெட் அதையும் எழுதிவிட்டாராம். திரும்பப் படித்துக் காட்டியபோது ஜாய்ஸ் ஒரு நிமிடம் யோசித்து, இருக்கட்டும் என்றாராம். கதைதான். ஆனால் அந்த வீட்டுக்குப் பொருந்துகிற கதை. இதெல்லாம் போதாதென்று, தன்னால் முடிக்க முடியாவிட்டால் ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஸ்டீஃபன்ஸ் முடித்துவைக்கட்டும் என்றும் எண்ணியிருந்தார். ஸ்டீஃபன்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, இருவரும் ஒரே நாளில் ஒரே ஊரில் பிறந்தவர்கள் என்பது.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஜாய்ஸின் நண்பர் பால் லியோன் வீட்டில் நடந்தது. நாவலின் எட்டாம் அத்தியாயம் அன்னா லிவியா என்ற பெண்ணைப் பற்றியது. அவளேதான் டப்ளினில் ஓடும் லிஃபி ஆறும். இதைப் பிரெஞ்சில் கொண்டுவரப் பெக்கெட்டும் அவர் நண்பர் பெரோனும் முதலில் முயன்றார்கள். பிறகு ஒரு குழு கூடியது. வியாழக்கிழமை பிற்பகல்களில், ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம். ஜாய்ஸ் சாய்வு நாற்காலியில் சிகரெட் புகைத்தபடி கிடப்பார். லியோன் ஆங்கிலத்தைப் படிப்பார். பிலிப் சூப்போ பிரெஞ்சைப் படிப்பார். யாராவது ஒருவர் நிறுத்தச் சொல்வார். அந்தச் சொல்லில் எத்தனை அடுக்கு என்பதை ஜாய்ஸ் பிரித்து வைப்பார். பொருள் போனாலும் போகட்டும், ஓசை நிற்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்த இடங்கள் பல. பதினைந்து அமர்வு ஆயிற்று, சில பக்கங்களுக்கு. 1931 மே மாதம் அந்த மொழிபெயர்ப்பு வெளிவந்தது. லியோன் ரஷ்யாவிலிருந்து வந்த யூதர். ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்த பிறகு ஜாய்ஸின் காகிதங்களை அவர் வீட்டிலிருந்து காப்பாற்றி அயர்லாந்துத் தூதரிடம் சேர்த்தவர். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. 1942-இல் நாஜிகள் அவரைக் கொன்றார்கள்.

அந்த அத்தியாயத்தில் கதை என்று பார்த்தால் கொஞ்சம்தான். ஆற்றின் இரு கரையிலும் இரண்டு சலவைப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டே அன்னா லிவியாவின் வம்பைப் பேசுகிறார்கள். பொழுது சாய்கிறது. ஆறு அகலமாகிறது. ஒருத்தி சொல்வது மற்றவளுக்குக் கேட்கவில்லை. கடைசியில் இருட்டில் ஒருத்தி மரமாகவும் ஒருத்தி கல்லாகவும் ஆகிவிடுகிறார்கள். இந்தப் பேச்சுக்குள் உலகத்து ஆறுகளின் பெயர்களை நூற்றுக்கணக்கில் ஜாய்ஸ் ஒளித்து வைத்திருக்கிறார். 1,200 மணி நேரம் உழைத்ததாக 1927-இலேயே கணக்குச் சொன்னார். அதற்குப் பிறகும் ஆறுகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

நாங்கள் ஐந்து பேர் ஒரு மழைக்காலம் முழுக்க இந்த அத்தியாயத்தோடு மல்லுக்கட்டினோம். அது கேசட் காலம். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நாடாவில் ஜாய்ஸின் குரலே இருந்தது. 1929-இல் சி.கே. ஆக்டன் ஏற்பாடு செய்த பதிவு அது. ஜாய்ஸ் படிப்பதற்காகப் பக்கங்களை மிகப் பெரிய எழுத்தில் தயாரித்திருந்தும் அறையில் வெளிச்சம் போதவில்லையாம். பக்கத்தில் ஒருவர் மெல்லிய குரலில் எடுத்துக் கொடுக்க, அவர் சொல்லியிருக்கிறார். அவர் குரலும் தனியாக வந்ததில்லை.

எங்களில் மூத்தவர் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரங்கூனில் பிறந்து, ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பெற்றோர் இடுப்பில் ஏறி நடைப்பயணமாக இந்தியா வந்தவர். ஜாய்ஸ் எழுதிய வேறெதையும் படித்ததில்லை. டீ குடிக்கத்தான் வருகிறார் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. நாடா ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று கையை நீட்டினார்.

“தம்பி, அதைத் திருப்பிப் போடுங்க.”

போட்டோம்.

“ஐராவதின்னு சொல்றாரே, கேக்கலை?”

எங்களுக்குக் கேட்கவில்லை. மூன்றாம் முறை கேட்டது. காது கேட்கவில்லை, பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி புலம்பும் இடம் அது. பஞ்சு அடைத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வயிற்றில் ஐராவதி கிடந்தது. அதன் பிறகு பக்கத்தைக் குடைந்தோம். அடுத்து வரும் ‘காதுகள்’ என்ற சொல் வேண்டுமென்றே தப்பாக எழுதப்பட்டிருக்கிறது; அதில் ஆரே என்ற சுவிட்சர்லாந்து ஆறு. சூரிக் வாசகர் யாரும் தவறவிட மாட்டார், அந்த ஊரின் லிம்மாட் ஆறு போய்ச் சேர்வது ஆரேயில்தான். (அதே சொல்லில் ஒரு கொச்சையும் உண்டு. மலருக்கு ஆகாது.) ‘சின்னச் சத்தம்’ என்ற இடத்தில் லீத்தி, கிரேக்கர்களின் மறதி ஆறு. காது அடைக்கிறது, மறதி வருகிறது, இருட்டுகிறது. ஆற்றுப் பெயர்கள் வெறும் ஒட்டு வேலை என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது: அவள் காதை அடைப்பது பஞ்சல்ல, அந்த ஆறுகளின் இரைச்சல்தான்.

இதே மாதிரி இன்னொரு சந்தோஷம், நாவலின் நான்காம் பாகத்தில். ‘சந்தியா’ என்ற சமஸ்கிருதச் சொல்லை மூன்று முறை கூவிக்கொண்டு விடியல் தொடங்குகிறது. இதற்கு ஐரோப்பியர்கள் அகராதியைத் தேடியிருப்பார்கள். நமக்குச் சந்தியாவந்தனமும் அந்திசந்தியும் போதும். ஒரு பக்கத்துக்காவது நாம் முன் வரிசையில் உட்கார்ந்துவிடுகிறோம்.

இந்த நூலின் வாசிப்பு வரலாறே இப்படித்தான் நடந்திருக்கிறது. விளக்கும் வேலையைப் பேராசிரியர்கள் மட்டும் செய்யவில்லை. நாவலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பக்கமாக, எந்தச் சொல் எங்கே நிற்கிறதோ அதே இடத்தில் குறிப்பை அச்சிட்டு 1980-இல் விளக்க நூல் கொண்டுவந்த ரோலண்ட் மக்ஹியூ, பூச்சியியல் படித்தவர். வெட்டுக்கிளி எழுப்பும் ஒலியை ஆராய்ந்த காது அது. பாத்திரங்களுக்கு 1956-இல் ‘மக்கள்தொகைக் கணக்கு’ எடுத்து வெளியிட்ட அடலைன் கிளாஷீன், நாடகாசிரியர் தார்ன்டன் வைல்டரோடு வருடக்கணக்கில் கடிதத்திலேயே நூலைக் கூடிப் படித்தார். சூரிக்கில் 1985-இல் ஜாய்ஸ் அறக்கட்டளை அமையக் காரணமான ஃபிரிட்ஸ் சென் பதிப்பகத்தில் பணியாற்றியவர், மெய்ப்புத் திருத்தியவர். அங்கே வாரந்தோறும் ஒரு மேசையைச் சுற்றி ‘வேக்’ நடக்கிறது. முடிந்ததும் திரும்பத் தொடங்குகிறது. டோரா கார்சியா 2013-இல் இதை ‘ஜாய்சியன் சொசைட்டி’ என்று ஆவணப்படமாக எடுத்தார். அதில் வருகிற புத்தகங்களைப் பார்க்க வேண்டும். ஓரங்களில் வெள்ளையே மிச்சமில்லை. அச்செழுத்தை விடக் கையெழுத்து அதிகம். மெய்ப்புத் திருத்துபவர் இந்த நூலுக்குக் கிடைத்தது பொருத்தம் என்று தோன்றுகிறது. எழுத்துப் பிழையைத் தேடுகிற கண்ணுக்குத்தான் வேண்டுமென்றே செய்த பிழை தட்டுப்படும்.

கூட்டு வாசிப்பில் தொல்லை இல்லாமல் இல்லை. எல்லாம் தெரிந்த ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். விளக்க நூலை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு, மற்றவர் தட்டுத் தடுமாறி ஒரு ஆற்றைக் கண்டுபிடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவார். ஒரு பருவம் நானே அப்படி இருந்தேன், மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய தொல்லை, எதிலும் எதையும் பார்த்துவிடுவது. பல மொழிச் சொற்கள் கரைந்த குழம்பில் கரண்டியை விட்டால் ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும். ஆகவே எங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தோம். ஒரு பொருளைச் சொல்கிறவர் அதற்கு எந்த எழுத்து சாட்சி என்று காட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் நடப்பதோடு அது ஒட்ட வேண்டும். தனியாகப் படிக்கிறவனுக்கு இந்தக் குறுக்கு விசாரணை கிடைக்காது. அவன் தன் கண்டுபிடிப்பைத் தானே மெச்சிக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுவான்.

அந்த விதியை உடைத்தவரும் எங்கள் மூத்தவரே. ஐராவதி கிடைத்த அடுத்த வாரம் அவர் ‘காதுகள்’ என்ற அந்தச் சொல்லுக்கு வந்தார். “ஆரே கீரே எல்லாம் சரி. ‘ஆறு’ன்னே இருக்கே, நம்ம ஆறு. அதைச் சொல்ல மாட்டேங்கறீங்க?” என்றார்.

ஜாய்ஸுக்குத் தமிழ் தெரியாது என்றோம். எழுத்துச் சாட்சி இருக்கிறது என்றார். எழுத்து இருக்கிறது சார், ஆனால் அவர் அதை வைக்கவில்லை என்றோம். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “அந்தம்மா தப்பாப் படிச்சதை உள்ள விட்டாருல்ல? நான் சரியாப் படிச்சதை விடக்கூடாதா?”

எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை. அவர் காலமாகிப் பல ஆண்டு ஆகிவிட்டது. பொதுவில் வைத்துப் படித்த பிரதி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. 214-ஆம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘ஆறு’ என்று அவர் எழுதியிருக்கிறார். அதன் பக்கத்தில் நீல மையில் ஒரு கேள்விக்குறி, அது நான் போட்டது. அந்தக் கேள்விக்குறியை மறுபடி பென்சிலால் யாரோ அடித்திருக்கிறார்கள்.