ரெய்ஷி காளான்: யாரோட பாரம்பரியம்?

சுரங்க வேலையில இருந்து ரிட்டையர் ஆனதும் எங்க அப்பா நெய்வேலியில ஒரு 'மீட்டிங்'குக்குப் போயிட்டு, காளான் கேப்ஸ்யூல் டப்பாவோட வந்தாரு. "ரெண்டாயிரம் வருஷத்துப் பாரம்பரியம்டா, சுகருக்கு நல்லதாம்"னாரு. நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன். அப்புறம் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்பதான் தெரிஞ்சுது, சுகர் மாத்திரையைப் பாதியா குறைச்சிருக்காரு. அந்தக் கோபத்துல படிச்சதுதான் இந்த எபிசோட்.

டப்பாவுல இருந்தது கானோடெர்மா. ஜப்பான்ல ரெய்ஷி, சீனாவுல லிங்ஷி. ஷென்னோங் பேர்ல இருக்கிற பழைய சீன மருந்து நூல், இதை நிறத்தை வெச்சு ஆறா பிரிச்சு, ஆயுளை நீட்டுற உயர்ந்த மருந்துகளோட சேர்க்குது. ஆக, பாரம்பரியம்ங்கிறது பொய் இல்ல. பேர்லதான் குழப்பம். டப்பாவுல போட்டிருக்கிற 'லூசிடம்'ங்கிற பேரு 1781-ல இங்கிலாந்துக் காளானுக்கு வெச்சது. சீனாவுல வளர்க்கிறது வேற இனம்னு, 2012-லதான் அதுக்குத் தனிப் பேர் கொடுத்தாங்க.

சரி, நம்ம பக்கம்? புறநானூறு 164-வது பாட்டுல பெருந்தலைச் சாத்தனார், குமணன்கிட்ட தன் வீட்டு நிலைமையைச் சொல்றாரு: சமைச்சே ரொம்ப நாளாச்சு, அடுப்புல காளான் பூத்திருக்கு. அங்க நீண்ட ஆயுளுக்கு அடையாளமா இருந்த காளான், இங்க பசிக்கு அடையாளம்! அதுக்காக நம்மாளுங்க காளானே சாப்பிடலைன்னு இல்ல. மழை பெய்ஞ்சா புத்துக்காளான் இன்னிக்கும் குழம்பாகுது. ஆனா கானோடெர்மா மரக்கட்டை மாதிரி இருக்கும், குழம்புக்கு ஆகாது. மரத்துல இருக்கிற லிக்னினையே தின்னு செரிக்கிற ஆளு அது. (நம்ம ஊர் பழுப்பு நிலக்கரி, இந்த மாதிரி ஆளுங்ககிட்ட இருந்து தப்பிச்ச மரம்.)

டெல்டா விவசாயிக்கு இதை நல்லாவே தெரியும், ஆனா மருந்தா இல்ல. 1952 புயலுக்கு அப்புறம் தஞ்சாவூர்ப் பக்கம் தென்னைகள் வாட ஆரம்பிச்சுது. அடிமரத்துல செம்பழுப்பா சாறு வடியும், மட்டை தொங்கும், கடைசியில மரமே சாயும். தஞ்சாவூர் வாடல் நோய்னு பேரு. காரணம், கானோடெர்மா வகைக் காளான்.

சுகர் விஷயம்? 2015-ல காக்ரேன் குழு, 5 ஆய்வுகள்ல 398 பேரோட முடிவுகளை அலசுச்சு. டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்கு இதய ஆபத்தைக் குறைக்க இதைக் கொடுக்கலாம்னு சொல்ல ஆதாரம் இல்லைன்னு முடிச்சாங்க. ரத்தச் சர்க்கரையையும் சேர்த்துதான் பார்த்தாங்க.

இதையெல்லாம் சொன்னப்போ அப்பா அசையல. தென்னை போட்டோவைக் காட்டினேன். "இது நம்ம தாத்தா தோப்புல வந்ததுல்ல?"ன்னாரு. மறுநாள் டாக்டர்கிட்ட போனோம், மாத்திரை பழைய அளவுக்கு வந்துடுச்சு. டப்பா மட்டும் இன்னும் ஃபிரிட்ஜ் மேல இருக்கு. காசு கொடுத்து வாங்கினதாச்சே!