ஃபர்ஸ்ட் குரூப்பும் எங்க சனமும்

குலசேகரத்தில் விடியுமுன்னே எங்க சனத்துக்கு வேலை தொடங்கிவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் பால்வெட்டப் போகிற கூட்டம் அது. எங்க அப்பனும் அம்மையும் அந்தக் கூட்டத்தில்தான். 1994இல் நான் பத்தாம் வகுப்பில் நானூற்றுச் சொச்சம் மார்க் வாங்கினேன். பதினொன்றில் ஃபர்ஸ்ட் குரூப் கேட்டு அப்பனோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார் அப்பன். ஆனாலும் கையிலிருந்த ஒட்டுப்பால் வாடை போகவில்லை.

"ஃபர்ஸ்ட் குரூப்பெல்லாம் ஒங்க பிள்ளைகளுக்குத் தாங்காது வேய். தொழிற்கல்வியில போடுதேன். எதப் படிச்சாலும் ஒங்க ஆளுகளுக்குத்தான் சலுகை இருக்குல்லா?" என்றார் அங்கிருந்தவர்.

அப்பன் வாதாடத் தெரியாதவர். "சாரே, அவனுக்கு இஷ்டம் அதாக்கும்" என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் இடம் கிடைத்தது. அன்றைக்கு எங்க வகுப்பிலிருந்து வந்த மற்ற தலித் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

ஃபர்ஸ்ட் குரூப் என்றால் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். அது இல்லாவிட்டால் மருத்துவமும் பொறியியலும் சேர்ந்தாற்போல் கைவிட்டுப் போகும். தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ முறை வந்தபோது, கல்லூரி வாசலில் நடந்த தேர்வில் பாதி பதினைந்து வயசிலேயே, ஒரு ஹெட்மாஸ்டர் அறைக்குள்ளேயே முடிந்துவிட்டது. இதை யாரும் வரலாறாக எழுதவில்லை. நாமதான் எழுத வேண்டும்.

எங்க பக்கத்து வரலாறு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வரலாறு. அங்கே தகுதிக்கும் சாதிக்கும் நடந்த கணக்கைப் பாருங்கள். டாக்டர் பல்ப்பு ஈழவர். திருவனந்தபுரத்தில் மருத்துவப் படிப்புக்கான தேர்வில் தேறினார். சாதியைச் சொல்லி இடம் மறுத்தார்கள். சென்னைக்குப் போய் மருத்துவம் படித்துத் திரும்பினார். அப்பவும் சொந்த சமஸ்தானம் வேலை தரவில்லை, மைசூர்தான் தந்தது. 1896இல் 13,176 பேர் கையெழுத்தோடு ஈழவர் மனு திருவிதாங்கூர் அரசுக்குப் போனது அவர் முயற்சியால்தான். பரீட்சையில் தேறியவனுக்கே அந்தக் கதி என்றால், பள்ளிக்கூடத் திண்ணையே மிதிக்க முடியாத புலையனுக்கும் பறையனுக்கும் என்ன கதி? அதற்குப் பதில் சொன்னவர் அய்யன்காளி. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடத்தினார். ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியைக் கூட்டிக்கொண்டு போனபோது பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். 1937இல் காந்தி வெங்ஙானூருக்கு வந்தபோது அய்யன்காளி சொன்ன ஆசை, சாகுமுன் தன் சனத்தில் பத்து பி.ஏ. பார்க்க வேண்டும் என்பது. 1941இல் அவர் இறந்தார்.

இன்னொரு கதை மயிலாடியில் இருக்கிறது. மகாராசன் என்ற சாம்பவர் கிறிஸ்தவராகி வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைப்பில் 1806இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே தொடங்கிய பள்ளிதான் பிறகு நாகர்கோவிலுக்குப் போய், 1893இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. இந்த மாவட்டத்து ஆங்கிலக் கல்விக்கு வாசல் திறந்தவன் ஒரு பறையன். எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்க பாட்டாவும் அந்த வேதத்தில் சேர்ந்தவர்தான். அதனால் என்ன ஆச்சு? 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் எஸ்.சி. இல்லை என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரை இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் நாங்க பி.சி. ஹெட்மாஸ்டர் அறையில் "ஒங்க ஆளுக", தாலுகா ஆபீசில் பிற்படுத்தப்பட்டவன். "சலுகை இருக்குல்லா" என்று அன்றைக்குக் கேட்டாரே, அந்தச் சலுகை என் சான்றிதழில் கிடையாது. இந்துவாகவே இருந்த பெரியப்பா மகனுக்கு உண்டு. அவனை ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்க்கவில்லை.

சென்னை மாகாணத்தில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முத்தையா முதலியார் 1928இல் நடைமுறைப்படுத்திய வகுப்புவாரி ஆணையை எதிர்த்து 1950இல் செண்பகம் துரைராசன் வழக்குப் போட்டார். மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே போடவில்லை என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. 1951இல் ஆணை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். தெற்கே எழுந்த போராட்டத்தால் அதே ஆண்டு அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. இடஒதுக்கீட்டில் ஏறி முதல் தலைமுறை பிளஸ் டூ எழுதத் தொடங்கிய நேரத்தில், 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது.

நான் எழுதியது 1996இல். பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300. பிளஸ் டூவில் எனக்கு 176 வந்தது. நுழைவுத் தேர்வுக்கான கோச்சிங் நாகர்கோவிலில். அம்மை கம்மலை அடகு வைத்துத் தந்த காசு ஒரு மாதத்துக்குத்தான் கண்டது. 100க்கு 52 எடுத்தேன். இடமில்லை. என்னோடு படித்த வசதியான பையன் ஓராண்டு வீட்டிலிருந்து இம்ப்ரூவ்மென்ட் எழுதி டாக்டரானான். எனக்கு ஓராண்டு வீட்டிலிருக்க வீடு இடம் தரவில்லை, பால்வெட்டு இருந்தது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு இரண்டு வருசமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. இதுக்குப் பெயர் தகுதி, திறமை.

நுழைவுத் தேர்வை ஒழிக்க 2006இல் சட்டம் வந்தது. பத்து வருசம் மூச்சு விட்டோம். 2017இல் நீட் வந்தது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, மூட்டை தூக்குகிறவர் மகள். 1200க்கு 1176, மருத்துவக் கட்-ஆஃப் 196.75. நீட்டில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம்வரை போனார். 2017 செப்டம்பர் 1இல் அவரை இழந்தோம். 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது, அது அந்தச் சாவுக்குப் பின் கிடைத்தது. 2021இல் சட்டமன்றம் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார்.

பல்ப்பு பரீட்சையில் தேறினார், சாதி கேட்டார்கள். அனிதா பரீட்சையில் தேறினார், அந்தப் பரீட்சை செல்லாது, வேற பரீட்சை என்றார்கள். நாம் ஒரு அளவுகோலுக்குப் பழகி முடிக்கும்போது அளவுகோல் மாறுகிறது. அய்யன்காளி கேட்ட பத்து பி.ஏ. ஆயிரமாகப் பெருகிவிட்டது. எங்க தெருவில் இன்னும் ஒரு டாக்டர் இல்லை.

குலசேகரத்திலேயே இப்ப ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. என் தங்கச்சி மகள் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் ட்யூஷன் போகிறாள். இரண்டாவது தடவையாக நீட்டுக்குப் படிக்கிறாள். "மாமா, இந்தத் தடவையும் இல்லேன்னா அம்மை கூட பால்வெட்டப் போட்டுமா?" என்று கேட்டாள். "வேண்டாம் மக்கா. இல்லேன்னா அது ஒனக்க குத்தம் இல்ல, அத மட்டும் மறந்திராத" என்றேன். 1996இல் எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. இரண்டு வருசம் நான் என்னையே முட்டாள் என்று நம்பினேன்.

தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒவ்வொரு சேரியிலும் காலனியிலும், காணிக்காரர் குடியிருப்பிலும், பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் பிள்ளையை எந்த குரூப்பில் போட்டார்கள், யார் போட்டார்கள், என்ன சொல்லிப் போட்டார்கள் என்று எழுதி வையுங்கள். அட்மிஷன் நாளில் வாதாடத் தெரிந்த ஒருவர் அந்தப் பிள்ளையின் அப்பனோடு போய் நில்லுங்கள்.