படிக்காதே என்றவர்கள், படித்தாயா என்றார்கள்!

ஆண்டானும் அடிமையும் ஆண்டவன் ஏற்பாடே என்று, அமெரிக்கத் தென் மாநிலப் பாதிரிமார் பலர் பைபிளை விரித்துவைத்து வாதாடிய காலம். தென் கரோலினாவின் பியூஃபோர்ட் நகரில், மெக்கீ குடும்பத்தாரின் மாளிகைக்குப் பின்புறக் குடிசையில், 1839ஆம் ஆண்டு அடிமையாகப் பிறந்தார் ராபர்ட் ஸ்மால்ஸ். அடிமைக்கு எழுத்தறிவிப்பது குற்றம் என்று 1834ஆம் ஆண்டே அந்த மாநிலம் சட்டம் செய்திருந்தது. பன்னிரண்டாம் வயதில் சார்லஸ்டன் நகருக்குக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டார். உழைப்பு அவருடையது, ஊதியத்தில் பெரும்பங்கோ எஜமானருடையது!

உள்நாட்டுப் போர் மூண்டது. 1862 மே 13, பொழுது புலருமுன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கியிருந்த வேளையில், 'பிளாண்டர்' என்னும் நீராவிக் கப்பலைச் செலுத்திக்கொண்டு புறப்பட்டார் ஸ்மால்ஸ். உடன் மனைவி, மக்கள், தோழர்கள். தலையிலே கப்பல் தலைவனின் வைக்கோல் தொப்பி! சம்டர் கோட்டையைக் கடக்கையில் முறைப்படி ஊதல் ஒலித்தார், கோட்டை வழிவிட்டது. வடவர் கப்பலை நெருங்கியதும் வெள்ளைக்கொடி ஏறியது. அடிமை அன்றே மனிதனானான்! வேண்டுதலால் அல்ல, வீரத்தால். விதியால் அல்ல, மதியால்!

போர்க்காலத்தில் வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்தது மெக்கீ மாளிகை. எந்த வீட்டுக் கொல்லையில் பிறந்தாரோ, அந்த வீட்டையே விலைக்கு வாங்கினார். எழுத்துக் கற்றார், கடை வைத்தார், பத்திரிகை நடத்தினார். 1868இல் மாநில அரசியலமைப்பு மன்றத்தில் உறுப்பினராகி, அனைவருக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று போராடினார். மாநில மன்றங்களில் பணியாற்றியபின், 1875இல் அமெரிக்கக் காங்கிரசில் அமர்ந்தார்.

ஆதிக்கம் அயர்ந்துறங்குமா? 1895இல் புதிய அரசியலமைப்பு எழுதக் கூடினர். மாநிலத்திலோ கறுப்பின மக்களே பெரும்பான்மை. மன்றத்திலோ அவர்கள் ஆறே பேர்! அரசியலமைப்பின் எந்தப் பகுதியையும் படித்துக் காட்டுக, அல்லது படிக்கக் கேட்டுப் பொருள் சொல்லுக. இன்றேல் வாக்கில்லை என்றனர். தகுதியைத் தீர்மானிப்பவர் யார்? வெள்ளை அதிகாரி! படிப்பதைக் குற்றமாக்கியவர்களே, படியாமையைக் குற்றமாக்கினர். ஸ்மால்ஸ் எதிர்த்து முழங்கினார், கையொப்பமிட மறுத்தார். சட்டமோ நிறைவேறிற்று. 1915இல் அவர் மறைந்தார். பறிபோன வாக்குரிமையை மீட்கும் கூட்டாட்சிச் சட்டம் வந்ததோ 1965இல்!

தனிமனிதன் உயர்ந்துவிட்டால் சமுதாயம் உயர்ந்துவிட்டதாகக் களிப்போர் இதனைக் கருதிப் பார்க்கட்டும். மாளிகையை வாங்கப் பணம் போதும். உரிமையைக் காக்க, ஊரே விழித்திருக்க வேண்டும்.