பெயர் ஒன்று, கம்பெனி வேறு

சென்னை நகரில் மின்சார டிராம் 1895ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதலாவது. 1953 ஏப்ரலில் அது நின்றது. இவ்விரு நாட்களுக்கும் இடையே ஒரே கம்பெனிதான் அதனை நடத்தியது என்று பலர் எழுதிவிடுகின்றனர். முதற் கம்பெனி பட்ட பாடு இதனால் மறைந்துபோகிறது.

அக்கம்பெனி, மின்சாரக் கம்பியைத் தெருவுக்கு அடியில் ஒரு கால்வாய் அமைத்து அதனுள் வைத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையை அறிந்த ஊருக்கு இது பொருந்துமா? கால்வாயில் வெள்ளம் புகுந்தது. பின்னர்க் கம்பியைத் தலைக்குமேல் கட்ட நேர்ந்தது. கம்பெனியும் நிலைக்கவில்லை. 'மெட்ராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் (1904) லிமிடெட்' என்ற புதுக் கம்பெனி அதன் இடத்திற்கு வந்தது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். வீட்டாருக்கு அதில் குழப்பமில்லை; ஜாதகம் கணிப்பவருக்குத்தான் தொல்லை! ஆண்டினைப் பெயரிலேயே பொறித்து வைத்த புண்ணியவான்கள் நம் வேலையை எளிதாக்கினர்.

கல்கத்தாவின் கதை இதனினும் சிக்கலானது. அங்கே 1873 பிப்ரவரியில் குதிரைகள் இழுத்த டிராம், அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோயிற்று. கல்கத்தா டிராம்வேஸ் கம்பெனி லண்டனில் பதிவானதோ 1880இல்தான். 1873இல் அக்கம்பெனி வண்டி விட்டது என்போர், பிறவாத கம்பெனிக்கு வண்டியைக் கொடுக்கின்றனர்.

ஆதலின், பழைய குறிப்பொன்று கையில் கிடைத்தால், அதிலுள்ள ஆண்டு வண்டி ஓடிய ஆண்டா, கம்பெனி பதிவான ஆண்டா, மின்சாரம் வந்த ஆண்டா என்று முதலில் கேளுங்கள். கல்கத்தாவில் இவை முறையே 1873, 1880, 1902.