இரண்டு கல்கத்தா நட்புகள்

2025 மே மாதம் கான் திரைப்பட விழாவில், செப்பனிடப்பட்ட 'அரண்யேர் தின் ராத்ரி' திரையிடப்பட்டது. அமெரிக்க இயக்குநர் வெஸ் ஆண்டர்சன் அறிமுகப்படுத்திப் பேசினார். படத்தில் நடித்த சர்மிளா தாகூரும் சிமி கரேவாலும் வந்திருந்தார்கள். சத்யஜித் ரேயின் உச்சம் இதுதான் என்று சொல்லும் ரசிகர்கள் ஏராளம். அத்தனை புகழையும் கேட்டுவிட்டுப் பார்த்த எனக்கு மிஞ்சியது ஏமாற்றம். 1976-ல் வெளியான அவருடைய 'ஜன அரண்ய'வைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது.

முதல் படத்தில் கல்கத்தாவிலிருந்து நான்கு நண்பர்கள் பலாமு காட்டுக்குப் போகிறார்கள். அஷீம் நல்ல சம்பளக்காரன், கார் அவனுடையது. சஞ்சய் சணல் ஆலையில் அதிகாரி, எதற்கும் தயங்குகிறவன். ஹரி விளையாட்டு வீரன், காதலி கைவிட்ட கோபத்தில் இருக்கிறான். சேகருக்கு வேலையே இல்லை. ஒருவருக்கொருவர் ஒட்டாத இந்த நால்வர் எப்படி நண்பர்களானார்கள்? படத்துக்கு மூலமான சுனில் கங்கோபாத்யாயின் நாவலில் இளைஞர்கள் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். ரே அவர்களைக் காரில் ஏற்றினார். கார் வந்ததும், அதன் சொந்தக்காரனுக்கும் வேலையில்லாதவனுக்கும் நடுவே ஒரு கணக்கும் வந்துவிடுகிறது. சேகர் கோமாளித்தனம் செய்து அந்தக் கடனை அடைக்கிறானா? படம் அந்தப் பக்கமே போகவில்லை. பாதிக்கு மேல் ஆளுக்கொரு திசையில் பிரிந்துபோகிறார்கள். பணப்பையைக் காணவில்லை என்று ஹரி ஊர்க்காரனான லகாவை அடிக்கிறான். நண்பர்களுக்குள் அதனால் ஒரு விரிசலும் விழவில்லை.

அஷீமுக்கு உறைக்கும்படி ஏதாவது நடப்பதெல்லாம் அங்கே அவன் சந்திக்கும் அபர்ணாவால்தான். நண்பர்கள் தங்கும் விடுதியின் காவலாளியுடைய மனைவி நோயில் கிடப்பதை அவள்தான் அவனுக்குக் காட்டுகிறாள். அபர்ணாவாக நடித்த சர்மிளா தாகூரின் அமைதி அபாரம். பெயர்களை வரிசையாக நினைவில் வைத்துச் சொல்லும் விளையாட்டுக் காட்சியும் அப்படித்தான். எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் சந்தால் பெண் துலியாக சிமி கரேவாலுக்குக் கறுப்புப் பூசி நடிக்கவைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. நகரத்து ஆண்களின் பார்வையைக் கண்டிக்க வேண்டிய படம், அதே பார்வையால் அவளைப் பார்க்கிறது.

'ஜன அரண்ய'வில் நட்புக்குக் கிடைப்பது சில காட்சிகள்தான். வங்க எழுத்தாளர் சங்கரின் நாவலைத் தழுவியது அது. சோம்நாத் நன்றாகப் படித்தவன். விடைத்தாள் திருத்தியவர் கண்ணாடி இல்லாமல் அவனது பொடி எழுத்தைப் படிக்கத் திணறியதால் மதிப்பெண் போகிறது. வேலை கிடைக்காமல் தரகுத் தொழிலில் இறங்குகிறான். அவன் நண்பன் சுகுமார் இன்னும் ஏழை. சோம்நாத் அந்த வீட்டுக்குப் போகும்போது சுகுமாரின் தங்கை கௌனாவை நாமும் பார்த்துவிடுகிறோம். அந்தச் சிறிய வீட்டில் சில நிமிடங்கள்தான் இருக்கிறோம். இரு குடும்பங்களுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு முழுவதும் தெரிந்துவிடுகிறது.

பிறகு ஒரு ஒப்பந்தம் கிடைக்க, கோயங்கா என்ற ஆலை அதிகாரிக்கு ஒரு பெண்ணை அழைத்துப் போக வேண்டும் என்கிறார் தொழிலில் அவனுக்கு உதவும் நடபர் மித்ர். சேகராக நடித்த அதே ரபி கோஷ்தான் நடபர். முந்தைய படத்தில் சிரிக்கவைத்த அந்த முகம் இங்கே வயிற்றைக் கலக்குகிறது. அலைந்து தேடிக் கிடைக்கும் பெண், கௌனா. வேறு பெயர் சொல்கிறாள். பணத்தைக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொல்கிறான் சோம்நாத். அவள் மறுக்கிறாள். கடைசியில் அவளை அவனே கோயங்காவிடம் அழைத்துப் போகிறான். ஒப்பந்தம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் சுகுமார் திரையில் இல்லை. ஆனாலும் காட்சி முழுவதும் அவன் நம்மை உறுத்துகிறான்.

பலாமு போன நால்வரும் ஒருவரிடமிருந்து ஒருவர் எதையும் பறித்துக்கொள்ளவில்லை, எதையும் இழக்கவுமில்லை. அவித்த முட்டைகளைப் பங்கிட்டுக்கொண்டு காரில் ஊர் திரும்புகிறார்கள். அவர்களுடைய நட்பு உண்மையானதா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. சோம்நாத்துக்கும் சுகுமாருக்கும் இருந்தது உண்மையான நட்பு. அதனால்தான் அதை விற்க முடிந்தது. 'அரண்யேர் தின் ராத்ரி'யை இப்போது தேடிப் பார்க்கும் இளைஞர்கள், 'ஜன அரண்ய'வையும் சேர்த்துப் பாருங்கள். என் கணக்கில் அதுவே பெரிய படம்.